மக்கும் குப்பையும் மரியாதைக்குரிய மடையரும்

விண்ணப்பப் படிவங்களில் ‘தெரிந்த மொழிகள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். படிக்க, எழுத, பேச என்று மூன்று சின்னச் சதுரங்கள். அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதிய மனிதர் யாரையும் நான் இன்றுவரை சந்தித்ததில்லை. நானும் தமிழுக்கு நேரே மூன்று சதுரத்திலும் டிக் அடித்து, பக்கத்தில் ‘மிக நன்று’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால், ‘நன்று’வுக்கு எந்த ‘று’ என்ற இடத்திலேயே என் குட்டு உடைந்திருக்கும்.

பள்ளியில் எனக்கு இரண்டாம் மொழி பிரெஞ்சு. அப்பாவுக்குத் தி.நகரில் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஆங்கிலமே இல்லாமல் ஒரு கடையை நிமிர்த்தி நிறுத்தியவர். கடைக்கு வந்த யாரோ அவரிடம், பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொட்டவும் செய்தது. (இன்று எனக்கு நினைவிருக்கும் ஒரே பிரெஞ்சு வாக்கியம், ‘என் பெயர் செண்பகம், எனக்குப் பூனைகள் பிடிக்கும்’. எனக்குப் பூனை பிடிக்காது.) தமிழ் என்பது வீட்டில் பேசுவது, ஆட்டோக்காரரிடம் சண்டை போடுவது, அவ்வளவுதான். பேருந்தின் பெயர்ப்பலகையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போயிருக்கும்.

இந்தத் தகுதியோடுதான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

அப்போது அடையாறில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தன் மாணவர்களை மூன்று வாரம் எங்கள் கல்லூரிக்கு அனுப்பி வைத்தது. நகரமும் கிராமமும் தங்கள் நீரையும் நிலத்தையும் கெடுக்காமல் எப்படி நீடித்து வாழ்வது என்பதை நேரில் பார்த்துப் படிக்க வந்தார்கள். அவர்களுக்கு ‘வெளிநாட்டுப் படிப்பு’ என்றால் நம் சென்னை. என் முதல் அதிர்ச்சி அதுதான். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடங்களைப் பார்க்க அவர்கள் விசா எடுத்து வந்திருந்தார்கள்.

அவர்களுடைய பேராசிரியை இங்க்ரிட்டுக்குத் திருப்தியாக மொழிபெயர்த்தால், பதிலுக்கு நான் அவர்கள் நாட்டுக்குப் போய் ஒரு பருவம் படிக்கலாம். ஒரே ஓர் இடம். தாம்பரத்தைத் தாண்டித் தனியாக அனுப்பாத என் அப்பா, ஒரு மாதம் நான் அவரோடு பேசாமல் இருந்த பிறகு இதற்கு மட்டும் தலையசைத்திருந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்.

“கெடச்சா போ. கெடைக்கலன்னா பேசாம கடைக்கு வந்து கல்லாவுல உக்காரு. மாப்பிள பாப்போம்.”

நிபந்தனை வைத்த அதே மனிதர், அதே வாரம், தன் வியாபார நண்பர் ஒருவரிடம் சொல்லி முழங்கால் வரை வரும் கருஞ்சிவப்பு ஜெர்கின் ஒன்றையும் வரவழைத்துவிட்டார். இடம் இன்னும் கிடைக்கவில்லை, விண்ணப்பமே அப்போதுதான் போயிருந்தது. சித்திரை வெயிலில் அம்மா என்னை அதற்குள் நுழைத்துப் படம் எடுத்து, திருநெல்வேலியில் இருக்கும் உறவு முழுவதற்கும் அனுப்பினாள். ‘செண்பா பாரின் போறா’ என்று கீழே எழுத்து வேறு. அந்தப் படத்தில் என் முகத்தில் வழிவது ஆனந்தக் கண்ணீர் என்று சித்தி இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது வியர்வை.

இங்க்ரிட் வந்த அன்றே என்னிடம் ஒரு விதி சொன்னார். “அவர்கள் சொல்வதை மாற்றாதே, மென்மையாக்காதே, நீயாக விளக்காதே. காதில் விழுந்ததை அப்படியே சொல்.” நான் பெரிய மேதை மாதிரி தலையாட்டினேன். பின்னால் நடந்த அத்தனைக்கும், சத்தியமாக, இந்த விதியை நான் ஒரே ஒரு தடவை தவிர மீறாததுதான் காரணம்.

முதல் நாள் மயிலாப்பூர். மந்தைவெளிப் பக்கம் ஒரு தெருவில், வீடு வீடாகக் குப்பை வாங்கும் பேட்டரி வண்டியோடு மல்லிகா அக்கா எங்களுக்காக நின்றிருந்தார். வெளிநாட்டுக் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியின் பாட்டை நிறுத்தினார்.

“இவங்கல்லாம் இன்னா படிக்க வந்துகிறாங்க?”

“நீடிச்சு நிலைக்கிறது பத்தி அக்கா.”

“எது நிலைக்குது?”

“எல்லாமே.”

“இங்க எதும்மா நிலைக்குது? போன வாரம் வச்ச தொட்டியவே காணோம்” என்றார். பிறகு வண்டியின் தொட்டிகளைக் காட்டினார். “இத்தப் பாரு. பச்சையில மக்குற குப்பை. நீலத்துல மக்காத குப்பை. ரெண்டும் கலந்துகினா என் பொழப்பு நாறிடும்.”

அந்தச் சொற்றொடரை நான் கேட்காதவள் இல்லை. தினமும் காலையில் எங்கள் தெருவிலும் அந்தப் பாட்டு ஒலிக்கும். நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வேன். எங்கள் வீட்டில் குப்பை பிரிப்பது அம்மாவின் வேலை. (சுற்றுச்சூழல் முதுகலை படித்த எனக்கு அதற்கு நேரம் இல்லை.) ஆனால் ‘மக்கு’ எனக்கு மிக நன்றாகத் தெரிந்த சொல். பள்ளிக்காலம் முழுவதும் கணக்கு டியூஷன் மிஸ் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஒரு கணம் தயங்கினேன். குப்பையைப் போய் யாராவது மக்கு என்பார்களா? பிறகு இங்க்ரிட்டின் விதி நினைவுக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, குப்பையில் முட்டாள் குப்பை, முட்டாள் அல்லாத குப்பை என்று இரண்டு வகை உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

கூட்டத்தில் ஹன்னா என்று ஒரு பெண். எது சொன்னாலும் எழுதிக்கொள்வாள். நான் தும்மினாலும் எழுதிக்கொள்வாள் போலிருந்தது. அவள் பேனா நின்றது. எந்தக் குப்பை எந்த வகை என்று யார் முடிவு செய்வது என்று கேட்டாள். நான் அக்காவிடம் கேட்டேன்.

“இதுல முடிவு பண்ண இன்னா கீது? பாத்தாலே தெரியும். காய்த்தோல், சோறு, பூவு, இதெல்லாம் மக்கிடும். பிளாஸ்டிக்கு நூறு வருசம் ஆனாலும் மக்காது. மக்குனாதான் உரம். மக்காதது ஒண்ணுத்துக்கும் ஆவாது, நேரா பெருங்குடி குப்பைமேட்டுக்குப் போய் மலையாட்டம் நின்னுகினு கீது.”

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். காய்கறிகள் சீக்கிரம் முட்டாளாகிவிடும். பிளாஸ்டிக் நூறு ஆண்டு ஆனாலும் முட்டாளாகாது. முட்டாளானால்தான் மண்ணுக்குப் பயன். ஆகாதவை எதற்கும் உதவாமல், பெருங்குடியில் மலை போல் நின்றுகொண்டிருக்கின்றன.

ஹன்னாவின் கண்கள் விரிந்தன. அறிவைப் பற்றி இவ்வளவு ஆழமான விமரிசனத்தை ஒரு குப்பை வண்டியின் பக்கத்தில் நின்று கேட்போம் என்று நினைக்கவில்லை என்றாள். இங்க்ரிட் என் தோளைத் தட்டி, அழகாக மொழிபெயர்க்கிறாய் என்றார். எனக்கிருந்த அரைகுறைச் சந்தேகமும் அந்தத் தட்டில் உதிர்ந்து போயிற்று. வீட்டுக்கு வந்து ஜெர்கினை ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் கிராமம். செங்கல்பட்டுக்கு அப்பால் ஏரி உள்ள ஓர் ஊர். ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் எங்களைக் கரைமேல் நடத்திக்கொண்டே போய், வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக நின்ற ஒருவரின் முன்னால் நிறுத்தினார்.

“இவரு ஏகாம்பரம். ஏரித் தண்ணிய எப்ப தொறக்கணும், எப்ப மூடணும், எல்லாம் இவருதான். எங்க ஊரு மடையர். இவரு பேச்சுக்கு இங்க மறுபேச்சு கெடையாது. இவங்கப்பாவும் மடையர், தாத்தாவும் மடையர்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருந்தினர்கள் எதிரில், முகத்துக்கு நேராக, ஒரு மனிதரையும் அவருடைய அப்பாவையும் தாத்தாவையும் சேர்த்துத் திட்டுகிறார். திட்டு வாங்கியவரோ சிரித்துக்கொண்டே கை கூப்புகிறார். அதிலும் ‘மடையன்’ என்று சொல்லவில்லை, ‘மடையர்’ என்று மரியாதை விகுதி போட்டுத் திட்டுகிறார். இவ்வளவு பண்பாக வசைபாடும் ஊர் இருக்கிறதா என்று ஆடிப்போய் நின்றேன்.

ஆனால் விதி விதிதான். இவர் எங்கள் மரியாதைக்குரிய முட்டாள், இவர் சொல்லை யாரும் தட்ட மாட்டோம், இது மூன்று தலைமுறையாக வரும் பொறுப்பு என்றேன். ஹன்னா கையால் வாயை மூடிக்கொண்டாள். அப்படி அழைப்பது அவருக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்கச் சொன்னாள்.

“ஐயா, உங்கள இப்படிச் சொல்றாங்களே, கஷ்டமா இல்லையா?”

“கஷ்டம் என்னம்மா, பெருமதான்” என்றார் ஏகாம்பரம். “பொறுப்பு சாஸ்தி, அவ்ளோதான். மழக்காலத்துல நான் ஒரு தப்பு பண்ணா, மொத்த ஊரும் முழுகிடும்.”

அதையும் சொன்னேன். ஹன்னா மிகவும் மெல்லிய குரலில் என்னிடம் கேட்டாள். “அப்படிப்பட்ட வேலையை முட்டாளிடமா கொடுக்கிறார்கள்?”

“அதுதான் எங்கள் மரபு” என்றேன்.

(இந்த ஒரு வரியை மட்டும் யாரும் சொல்லாமல் நானாகச் சேர்த்தேன். இன்றைக்கும் குளிக்கும்போது இது ஞாபகம் வந்தால் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வேன்.)

மூன்றாம் வாரக் கடைசியில், சனிக்கிழமை, கல்லூரி அரங்கில் மாணவர்கள் தாங்கள் கற்றதைச் சொல்ல வேண்டும். முடிவில் அந்த ஓர் இடத்தை இங்க்ரிட் அறிவிப்பார். தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களையும் அழைக்க வேண்டும் என்று மாணவர்களே சொல்லி, மல்லிகா அக்காவும் ஏகாம்பரமும் சங்கத் தலைவரும் முன் வரிசையில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். அக்கா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். மூன்றாம் வரிசையில் என் அப்பா. சனிக்கிழமை கடையை விட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அம்மா, மடியில் எங்கள் கடைப் பையில் ஜெர்கின். அறிவித்தவுடன் போட்டுப் படம் எடுக்க.

முந்தின நாள் சாயங்காலம் ஹன்னா தன் கணினியோடு என்னிடம் வந்திருந்தாள். விருந்தினர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக, செயலி ஒன்றின் உதவியால் எல்லாப் பக்கத்திலும் தமிழையும் சேர்த்திருந்தாள். சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். நான் திரையைப் பார்த்தேன். ஏகப்பட்ட சுழி, ஏகப்பட்ட கொம்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தால் என் ‘மிக நன்று’ அம்பலமாகிவிடும். “எழுத்து ரொம்ப அழகாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அரங்கில் விளக்கு மங்கியது. திரையில் தலைப்பு வந்தது. ஆங்கிலத்துக்குக் கீழே பெரிய தமிழ் எழுத்தில், ‘தமிழர் வாழ்வில் முட்டாள்தனத்தின் பங்கு’.

அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் துறைத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். ஹன்னா உற்சாகமாக அடுத்த பக்கத்துக்குப் போனாள். பேட்டரி வண்டியோடு மல்லிகா அக்காவின் படம். பச்சைத் தொட்டிக்கு நேரே ‘முட்டாள் குப்பை’. நீலத் தொட்டிக்கு நேரே ‘புத்திசாலிக் குப்பை’. அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

அடுத்த பக்கம் ஏகாம்பரம். ஏரியின் பின்னணியில் கை கூப்பி நிற்கிறார், நல்ல வெளிச்சத்தில் எடுத்த அருமையான படம். கீழே ஒரு வரி. அவர் தன் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்த வரியை வாய்விட்டுப் படித்தார்.

“மூன்று தலைமுறை முட்டாள்.”

அவர் படித்து முடித்தபோது நான் இன்னும் ‘தலைமுறை’யில் இருந்தேன். காதில் விழுந்ததைக் கண்ணும் வந்து சேர்ந்து உறுதி செய்தபோது, எனக்கு உள்ளங்காலில் இருந்து குளிர்ந்தது. யாரோ இருமப் போய், இருமலை விழுங்கிக்கொண்டார்கள்.

ஏகாம்பரம் எழுந்தார். “இத யாரும்மா சொன்னது?”

மைக் என் கையில்தான் இருந்தது. அவர் கேட்டதை ஹன்னாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஹன்னாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீதானே சொன்னாய்?” என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள்.

மாற்றாதே, மென்மையாக்காதே. மொத்த அரங்கும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மைக்கில் தமிழ்ப்படுத்தினேன்.

“நான்தான் சொன்னேனாம்.”

(அந்தக் கடைசி ‘ஆம்’, யாரோ மூன்றாம் மனுஷி செய்த காரியம் போல ஒலிக்கட்டும் என்று நான் போட்டது. அதுதான் என் முதல் இலக்கணத் தேர்ச்சி.)

“இரு இரு” என்று மல்லிகா அக்கா எழுந்தார். “மொத படத்துல முட்டாள் குப்பைன்னு ஒண்ணு போட்டாங்களே, அது இன்னாது? நான் சொன்னது மக்குற குப்பைதான?”

“ஆமாக்கா.”

“மக்குறதுன்னா இன்னா?”

“மக்கு... ஆகறது.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யம்மா தாயே. மக்குறதுன்னா அழுகி மண்ணோட மண்ணா பூடறது. உனக்கு யாரு இந்த வேலையக் குடுத்தது?”

பயத்தில் என் மூளை நின்றுவிட்டது, வாய் மட்டும் பழக்கத்தில் ஓடியது. அதையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். இங்க்ரிட் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. துறைத் தலைவி சிரித்தார், சங்கத் தலைவர் சிரித்தார், அம்மாகூடப் பையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“சிரிங்க, பரவால்ல. ஆனா மூணு தலமுறன்னா எங்கப்பாவும்தான் அதுல இருக்காரு.”

அதுவரை எனக்கு என் இடம் போய்விட்டதே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அந்தக் கணத்தில்தான் வெட்கம் வந்தது. அழுதுவிட்டேன். பேருந்து பிடித்து, சலவைச் சட்டை போட்டு, தன்னைப் பாராட்டப் போகிறார்கள் என்று நம்பி வந்த மனிதரை நான் திரை அளவுக்குப் பெரிதாக்கி அவமானப்படுத்தியிருந்தேன்.

ஹன்னா மேடையிலிருந்து ஓடி வந்து, தன் மன்னிப்பைச் சொல்லச் சொன்னாள். நான் “மன்னிச்சிடுங்க” என்றேன். பிறகு இன்னொரு தடவை “மன்னிச்சிடுங்க” என்றேன்.

“ரெண்டுல எதும்மா உன்னுது?” என்றார் ஏகாம்பரம்.

“ரெண்டாவது.”

“சரி. மைக்க எறக்காத. நான் சொல்றேன். இப்பவாவது பாத்துச் சொல்லும்மா.” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “ஏரிக்கரையில தண்ணி வெளிய போறதுக்கு ஒரு வழி இருக்கும். அதுக்குப் பேரு மடை. அதத் தொறந்து மூடறவன் மடையன்.”

தண்ணீர், கரை, வழி வரை வந்துவிட்டேன். மடைக்கு ஆங்கிலம் வரவில்லை. நான் படித்த முதுகலையில் அந்தச் சொல் குறைந்தது நாற்பது தடவை வந்திருக்கும். தேடிப் பார்த்தேன். எனக்குப் பூனைகள் பிடிக்கும் என்பது மட்டும் பிரெஞ்சில் கிடைத்தது.

“சுலூசு” என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அப்பா. ஆயுளில் ஓர் ஆங்கிலக் கூட்டத்தில் வாய் திறக்காத என் அப்பா எழுந்து நின்றிருந்தார். “ஏட்டி, சுலூசுன்னு சொல்லு. எங்கூர்க் கொளத்துல இருக்கு.”

“அக்காங், சுலூசு” என்றார் ஏகாம்பரம். “அண்ணாச்சிக்குத் தெரியுது பாரு.”

“ஆ, ஸ்லூஸ்” என்றார் இங்க்ரிட். அந்த அரங்கில் அந்த ஆங்கிலச் சொல் தெரியாதிருந்த ஒரே ஆள் மொழிபெயர்ப்பாளர்தான்.

“எந்த வயலுக்கு மொதல்ல, எவ்ளோ, எத்தினி நாளைக்குன்னு தெரிஞ்சவன்தான் மடையன்” என்று முடித்தார் ஏகாம்பரம். “ஒண்ணும் தெரியாதவன் திட்டறதுக்கு அந்தப் பேர எடுத்துக்கினா, அதுக்கு நான் என்ன பண்றது?”

அதை ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அந்த மூன்று வாரத்தில் நான் சரியாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அதன் எழுவாய் நான்தான் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அரங்கின் ஏசி வேறு. அம்மா வந்து அந்த ஜெர்கினை என்மேல் போர்த்திவிட்டாள்.

இடம் எனக்கு இல்லை என்று இங்க்ரிட் தனியாக அழைத்துச் சொன்னார். “என் விதியை நீ முழுமையாகப் பின்பற்றினாய். எனக்குப் பயமாக இருப்பதே அதுதான்” என்றார். கருஞ்சிவப்பு ஜெர்கினோடு நின்றிருந்த என்னைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். நீ முதலில் பக்கத்து நாட்டில் படி என்றார். பக்கத்து நாடு என்றது செங்கல்பட்டை. அவர்கள் திரும்பிப் போன பிறகு மூன்று வாரம் நான் சங்கத் தலைவர் வீட்டில் தங்கி, ஏகாம்பரத்தின் பின்னால் நடந்து, சொல் சொல்லாகக் கேட்டு, ஹன்னாவின் அறிக்கை முழுவதையும் திருத்தி அனுப்பினேன். கலங்கல், மதகு, வரப்பு, வாய்க்கால் என்று தினம் பத்துச் சொல் எழுதிக் காட்ட வேண்டும். தப்பாக எழுதினால் ஏகாம்பரத்தின் மகன் சிவப்பு மையில் சுழிப்பான், அவன் மூன்றாம் வகுப்பு. திரும்பி வந்தபோது ரயில் நிலையத்துக்கு அப்பா வந்திருந்தார். “என்னட்டி, பாரின் எப்படி இருந்துச்சு?” என்றார்.

குளிர்நாட்டுக்கு நான் கடைசிவரை போகவில்லை. அடுத்த ஆண்டு அந்த இடம், பள்ளியில் தமிழ் படித்த ஒரு பெண்ணுக்குப் போனது. கல்லாவிலும் நான் உட்காரவில்லை. அப்பாவே வேண்டாம் என்றுவிட்டார். “இவ ஒண்ணக் கேட்டு ஒண்ணச் சொல்லுவா, யாவாரம் வெளங்கிரும்” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக் குப்பையைப் பிரிப்பது அன்றிலிருந்து என் வேலை. பச்சைத் தொட்டியின் மூடியில் மார்க்கர் பேனாவால் ‘செண்பா’ என்று எழுதியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்து.

வீட்டில் யாரிடமாவது நான் ஒரு தகவலைச் சொல்ல வாயைத் திறந்தால், நாலு பக்கத்திலிருந்தும் ஒரே வரி வரும். “பாத்துச் சொல்லும்மா.” பால்காரர் நாளைக்கு வர மாட்டார் என்ற செய்தியைக்கூட அந்த வரி இல்லாமல் என்னால் சொல்லி முடிக்க முடிவதில்லை. போன தை மாதம் தி.நகர் மண்டபத்தில் எனக்குக் கல்யாணம் ஆனபோது, அது புகுந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளை பூனாவில் வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம் தடுமாற்றம். வரவேற்பு மேடைக்கு ஏகாம்பரம் வந்தார், அதே சலவைச் சட்டை. பக்கத்தில் நின்ற மாமனார் மரியாதையாக, “நீங்க யாருன்னு தெரியலையே” என்றார்.

“மடையன்” என்றார் ஏகாம்பரம். “மூணு தலமுறையா.”

மாமனார் முகத்தில் ரத்தம் வற்றியது. மாப்பிள்ளை என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வரிசையில் நின்ற மல்லிகா அக்கா பரிசுப் பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். மேடைக்குக் கீழே அப்பா, “பாத்துச் சொல்லுட்டி” என்றார்.

நான் பார்த்துத்தான் சொன்னேன். நல்ல நாளில் எதற்கு வம்பு என்று கொஞ்சம் மென்மையாக்கி, இவர் ஏரியின் நீர் மேலாளர் என்று ஆங்கிலத்தில் மேனேஜர் போட்டுச் சொன்னேன்.

ஏகாம்பரம் என் கையில் மொய்க்கவரைத் திணித்துவிட்டு, தலையை ஆட்டினார்.

“மேனேஜரு கீனேஜருல்லாம் வேணாம்மா. மடையன்னே சொல்லு.”